உப்பைக் காய வைக்கத்தான் தெரியும், சமைக்கத் தெரியாது: நம்ம சூரியனின் கதை

(ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கி, படிப்பதற்கு ஏற்றபடி திருத்திய வடிவம்)



மரக்காணம் உப்பளத்துல விளைந்த உப்பு ஒரு கைப்பிடி எடுத்துக்கோங்க. அதில் முக்கியமா இருக்கிறது ரெண்டே தனிமம்தான். ஒன்று சோடியம், இன்னொன்று குளோரின். கடல் தண்ணியைப் பாத்தியில் கட்டி, வெயில்ல வற்ற வச்சு, வாரிக் குவிச்ச உப்பு. அதனால, "இது சூரியன் கொடுத்த உப்பு"ன்னு சொல்லத் தோணும். அது பாதிதான் சரி. தண்ணியை வற்ற வச்சது நம்ம சூரியன். ஆனால் அந்தச் சோடியத்தையும் குளோரினையும் சமைச்சது நம்ம சூரியன் இல்லை. அந்தச் சமையலுக்கு வேண்டிய எடை அதுகிட்ட கிடையாது.

சமையலுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான். ஒரு நட்சத்திரம் எரியணும்னா என்னென்ன நிபந்தனைகள் கூடி வரணும், எப்போ அது கூடி வராம போகும், அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சவங்க யாரு. அதில் ஒருத்தர் சென்னையில் படித்த தமிழர்.

நான் பேசிக்கொண்டிருப்பது இரும்பையில் இருந்து. ஆரோவில்லை ஒட்டிய ஊர். இங்கிருந்து ஈ.சி.ஆரைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம். இந்தப் பக்கம் ஆரோவில்லின் பொதுச் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் விட்டத்துக்கு ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம் இருக்கு. அது வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி சோறு வேக வைக்கும். அந்தப் பக்கம் உப்பளம். இரண்டுக்கும் அடுப்பு ஒன்றுதான், 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அந்த அடுப்புக்குள்ள போவோம்.

சூடு போதாது

அடிப்படை ரொம்ப எளிமை. நாலு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகுது. சேர்ந்த பிறகு எடை போட்டுப் பார்த்தால் சுமார் 0.7 சதவீதம் குறையுது. அந்தக் குறைந்த எடைதான் ஆற்றலா வெளியே வருது. இதுக்குப் பேர் அணுக்கரு இணைவு, ஃப்யூஷன். சூரியனில் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாகிக் கரைஞ்சு போகுது. இன்னைக்கு மரக்காணத்தில் அடிக்கிற வெயில் அதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. ஹைட்ரஜன் கரு என்பது ஒரு புரோட்டான். அதுக்கு நேர் மின்சுமை. ரெண்டு புரோட்டானைக் கிட்டக் கொண்டுவந்தால் ஒன்றை ஒன்று தள்ளும். கிட்டப் போகப் போக இன்னும் பலமா தள்ளும். ரொம்ப ரொம்ப நெருங்கிட்டால் மட்டும் அணுக்கரு விசை வந்து பிடிச்சுக்கும். அந்த நெருக்கம் வரைக்கும் போகணும்னா வேகம் வேணும். வேகம்னா சூடு.

எவ்வளவு சூடு? பழைய இயற்பியல்படி கணக்குப் போட்டால் ஆயிரம் கோடி டிகிரி அளவுக்கு வருது. சூரியனோட மையத்துல இருக்கும் சூடு சுமார் 1.5 கோடி டிகிரி. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு பற்றாக்குறை! ஊருக்கெல்லாம் வெயில் கொடுக்கிற சூரியனுக்கே, எரியறதுக்குச் சூடு போதாது.

1920-இல் ஆர்தர் எடிங்டன் என்ற பிரிட்டிஷ் வானியலாளர், நட்சத்திரங்கள் ஹைட்ரஜனை ஹீலியமா மாற்றித்தான் எரியுதுன்னு ஊகித்தார். சூடு போதாதே என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவர் அசரவில்லை. இதைவிடச் சூடான இடம் வேணும்னா நீங்களே போய்த் தேடிக்கோங்க என்ற தொனியில் பதில் கொடுத்தார். இந்த எடிங்டன் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. மறுபடியும் வருவார்.

எரிபொருள் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருந்தது. சூரியனும் பூமி மாதிரியே இரும்பும் மற்ற உலோகங்களும் நிறைந்ததுன்னுதான் அன்றைக்கு பலர் நினைச்சாங்க. 1920-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த மேகநாத் சாகா ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும்னு சொல்லும் சமன்பாடு. அதை வச்சு நட்சத்திர ஒளியை அலசிய சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் ஹைட்ரஜன்தான் மிக மிக அதிகம்னு 1925-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். பெரியவர்கள் முதலில் நம்பவில்லை. சில வருடத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஆக, எரிபொருள் இருக்கு. சூடுதான் இன்னும் பாக்கி.

ரீட்ரை பண்ணிக்கிட்டே இருக்கும் புரோட்டான்

உப்பளத்துல ஒரு கணக்கு உண்டு. கடல் தண்ணியில் போமே கருவியை விட்டுப் பார்த்தால் 3 டிகிரி சொச்சம் காட்டும். வெயில்ல வற்ற வற்ற அது ஏறும். 25 டிகிரியை ஒட்டி வந்த பிறகுதான் உப்பு படிய ஆரம்பிக்கும். 15-ல நின்னா உப்பு இல்லை, 20-ல நின்னாலும் இல்லை. அது ஒரு கோடு. அந்தப் பக்கம் போனாத்தான் சரக்கு.

ஃப்யூஷனும் அப்படி ஒரு கோடு போட்டுத்தான் நடக்கும்னு நினைச்சதால்தான் சூடு போதாத மாதிரி தெரிஞ்சது. உண்மையில் அங்கே கோடு இல்லை. வாய்ப்பு விகிதம்தான் இருக்கு.

1928-இல் ஜார்ஜ் காமாவ், குவாண்டம் இயற்பியலை வச்சு ஒன்றைக் காட்டினார். ஒரு துகளுக்குத் தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதிக்கிற அளவு ஆற்றல் இல்லாவிட்டாலும், சுவருக்கு அந்தப் பக்கம் அது இருப்பதற்கு ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. பூஜ்யம் இல்லை, ரொம்பச் சின்னது. இதைத்தான் குவாண்டம் சுரங்கம் என்கிறோம். அடுத்த வருடமே அட்கின்சன், ஹௌட்டர்மான்ஸ் என்ற இருவர் இதை நட்சத்திரங்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். 1.5 கோடி டிகிரியில் சுவரை ஏறிக் குதிக்க முடியாது. ஆனால் எப்போவாவது ஒருத்தர் உள்ளே புகுந்துடலாம். எடிங்டன் ஊகம் சரின்னு ஆச்சு. 1938–39-இல் ஹான்ஸ் பேத்தே மற்றவர்களோடு சேர்ந்தும் தனியாகவும் படிப்படியான முழுக் கணக்கையும் போட்டார்.

அதில் முதல் படிதான் பெரிய சோதனை. ரெண்டு புரோட்டான் நெருங்கினால் மட்டும் போதாது. நெருங்கின அந்தக் கணத்துக்குள்ள ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறணும். அதைச் செய்ய வேண்டியது வலுவற்ற விசை. பேருக்கு ஏற்ற மாதிரி அது ரொம்ப மெதுவா, ரொம்ப அரிதா வேலை செய்யும். இந்த ரெண்டு தடையும் சேர்ந்து, சூரியனின் மையத்தில் இருக்கும் ஒரு சராசரி புரோட்டான் தனக்கு ஜோடி கிடைக்கக் காத்திருக்கும் நேரம் சுமார் 900 கோடி வருடம். அது முடிஞ்சா அடுத்த படி சில நொடியில் நடந்துடும். முதல் படிக்கு மட்டும்தான் யுகம் யுகமாகக் காத்திருப்பு.

என்னை மாதிரி சர்வர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு ரிக்வெஸ்ட் ஃபெயில் ஆகுது, ரீட்ரை பண்ணுது, மறுபடி ஃபெயில், மறுபடி ரீட்ரை. லேட்டன்சி 900 கோடி வருடம். எந்த மேனேஜரும் இதை ஒத்துக்கமாட்டார். ஆனால் இணையா ஓடிக்கொண்டிருக்கும் புரோட்டான்கள் எத்தனை தெரியுமா? மையத்தில் மட்டும் 1-க்குப் பின்னால் 56 சைபர் போடுங்க, அந்த அளவு. அதனால்தான் ஒவ்வொன்றும் அவ்வளவு சோம்பேறியாக இருந்தும் மொத்தத்தில் நொடிக்கு 60 கோடி டன்.

சூரியன் எவ்வளவு மெதுவா எரியுதுன்னு ஒரு கணக்குப் பார்ப்போம். மையத்தில் ஒரு கன மீட்டர் இடம் உண்டாக்கும் ஆற்றல் சுமார் 280 வாட். நாலு சீலிங் ஃபேன் ஓட்டலாம், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்து இதைப் படிச்சுக்கிட்டு இருக்கும் உங்க உடம்பு ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியே விடுது. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால், சூரியனின் மையத்தைவிட நீங்க சுமார் அஞ்சு மடங்கு ஜாஸ்தி! சூரியன் பெருசா இருக்கிறதால ஜெயிக்குது. அடர்த்தியும் அதுக்கு உதவுது. மையத்தில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் சுமார் 150 கிராம் இருக்கும். ஈயத்தைவிடப் பதிமூணு மடங்கு. அந்த நெரிசலில்தான் இவ்வளவு ரீட்ரை நடக்க முடியுது.

இந்த மெதுவான தன்மையை யாரும் குறைன்னு நினைச்சுடாதீங்க. முதல் படி சுலபமா இருந்திருந்தால் சூரியன் என்னைக்கோ எரிஞ்சு தீர்ந்திருக்கும். அது 460 கோடி வருடமா எரியுது, இன்னும் சுமார் 500 கோடி வருடம் எரியும். பூமியில் பாசி வந்து, மீன் வந்து, நாம வரைக்கும் வர அந்த நேரம் தேவைப்பட்டது. இரும்பை கோவிலுக்குத் தேவாரத்தில் இரும்பை மாகாளம் என்று பேர். மகாகாளம். வடமொழியில் காளம் என்றால் கருமை என்றும் பொருள், காலம் என்றும் பொருள். இந்த விஷயத்துக்கு ரெண்டாவது பொருள் கச்சிதமா பொருந்துது.

இதெல்லாம் நடக்குதுன்னு எப்படித் தெரியும், உள்ளே போய்ப் பார்த்தது யாருன்னு கேட்கலாம். மையத்தில் உண்டான ஒளி வெளியே வந்து சேரவே பல்லாயிரம் வருடம் பிடிக்கும். ஆனால் அந்த முதல் படியில் ஒரு நியூட்ரினோவும் பிறக்கும். அது எதிலும் மாட்டாமல் நேராக வெளியே வந்து, எட்டு நிமிடம் சொச்சத்தில் பூமியைத் தொட்டுடும். உங்க கட்டைவிரல் நகத்து வழியா நொடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போய்க்கிட்டே இருக்கு. இத்தாலியில் ஒரு மலைக்கு அடியில் இருந்த போரெக்சினோ கருவி, அந்த முதல் படியில் பிறக்கும் நியூட்ரினோக்களையே நேரடியாகப் பிடித்ததாக 2014-இல் அறிவித்தது. அன்றைய சூரியன், அன்றைய நெருப்பு. கணக்கு சரியா இருந்தது.

எடை இல்லாமல் எரிக்கப் பார்த்தால்

சூரியனுக்கு 1.5 கோடி டிகிரியும் 150 கிராம் அடர்த்தியும் யார் கொடுத்தது? அதோட எடைதான். பூமியைப் போல 3.3 லட்சம் மடங்கு எடை. அந்த எடை உள்நோக்கி அமுக்குது. அமுக்கினால் சூடாகும். சூடானால் அழுத்தம் வெளியே தள்ளும். ரெண்டும் சமமாகிற இடத்தில் சூரியன் நிற்குது. அதுவே ஒரு தானியங்கி ரெகுலேட்டரும்கூட. எரிதல் கொஞ்சம் கூடினால் மையம் உப்பும், ஆறும், எரிதல் குறையும். குறைஞ்சா சுருங்கும், சூடாகும், மறுபடி கூடும். யாரும் பக்கத்தில் நின்று திருக வேண்டியதில்லை.

"பூமியில் மினி சூரியன்" என்று வருஷத்துக்கு நாலு தடவை தலைப்புச் செய்தி வருதே, அங்கே என்ன இல்லைன்னு இப்போ யோசிங்க. எடை இல்லை. எடை இல்லாததால் அழுத்தி வைக்க ஆள் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. அதனால் முதலில் எரிபொருளை மாற்றுகிறோம். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியம், டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன்கள். அந்த 900 கோடி வருடப் படியைத் தாண்டிக் குதிக்கிற குறுக்கு வழி இது. அடுத்து, சூட்டைக் கூட்டுகிறோம். பிரான்ஸில் கட்டப்பட்டு வரும் ஈட்டர் உலைக்குத் திட்டமிட்ட சூடு 15 கோடி டிகிரி. சூரியனின் மையத்தைப் போல பத்து மடங்கு. அங்கே இருக்கப் போகும் பிளாஸ்மாவோ காற்றைவிட லட்சம் மடங்குக்கு மேல் மெல்லியது. எடைக்குப் பதிலாக காந்தப்புலம் அதைப் பிடித்து வைக்கணும்.

இந்தியாவும் இதில் உறுப்பினர். அந்த உலையை மூடி நிற்கும், ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள பிரமாண்டமான எஃகு உறை, கிரையோஸ்டாட், குஜராத்தின் ஹசீராவில் துண்டு துண்டாகச் செய்து கப்பலில் போனது. காந்திநகர் பக்கத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆதித்யா என்ற டோகாமாக் 1989-இல் இருந்தே இயங்கி வந்தது. ஆதித்யான்னா சூரியன். பேரை யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க.

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் 192 லேசர்களை ஒரு சின்னக் குளிகை மேல் பாய்ச்சினார்கள். உள்ளே போன ஒளி 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். உண்மையான சாதனை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்சாரமா எடுத்தது சுமார் 300 மெகாஜூல். அதனால் அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி உங்க ஃபீடில் வந்தால் மூணு கேள்வி கேளுங்க. எவ்வளவு சூடு? எவ்வளவு அடர்த்தி? எவ்வளவு நேரம்? மூணையும் சேர்த்துத்தான் பார்க்கணும். ஒரு நம்பரை மட்டும் பெருசா போட்டிருந்தால் மத்த ரெண்டும் எங்கேன்னு தேடுங்க.

எரியாமல் போன நட்சத்திரங்கள்

பூமியில் இல்லாத எடை விண்வெளியில் இருக்கு. ஆனால் அங்கேயும் கொஞ்சம் குறைஞ்சா என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிவ் குமார். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த வானியலாளர். 1963-இல் வெளியிட்ட கணக்கில் அவர் காட்டியது இது. ஒரு வாயு உருண்டை சுருங்கச் சுருங்கச் சூடாகும். ஆனால் எடை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், ஹைட்ரஜன் எரியும் சூடு வருவதற்கு முன்னாலேயே சுருங்குவது நின்னுடும். நிறுத்துவது எலக்ட்ரான்கள்.

எப்படின்னா, ஒரு நிலையில் ஒரு எலக்ட்ரான்தான் இருக்கலாம் என்பது குவாண்டம் விதி. ரிசர்வேஷன் பெட்டி மாதிரி வச்சுக்கோங்க. ஒரு பெர்த்துக்கு ஒருத்தர். பெட்டியை அமுக்க அமுக்கக் கீழ் பெர்த் எல்லாம் நிரம்பிடும், புதுசா வர்றவங்க மேலே மேலே ஏறியே ஆகணும். ஏற்றத்துக்கு ஆற்றல் வேணும். அதனால் அவர்கள் எதிர்த்துத் தள்ளுவார்கள். இந்தத் தள்ளலுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆறிப் போனாலும் தள்ளும். அப்புறம் எடையால் மேற்கொண்டு அமுக்க முடியாது, சூடு ஏறாது, அடுப்பு பற்றாது.

அந்த எல்லை சூரியனின் எடையில் சுமார் 8 சதவீதம். வியாழன் கோளைப் போல 80 மடங்கு. அதுக்குக் கீழே இருப்பவை பழுப்புக் குள்ளர்கள். முதல் பழுப்புக் குள்ளர்கள் உறுதியானது 1995-இல். குமார் கணக்குப் போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மதராஸ் மாணவரின் கணக்கு

இதே எலக்ட்ரான் நெரிசலை, எடையின் அடுத்த கோடியில் நின்று பார்த்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1928-இல் சோமர்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் சென்னைக்கு வந்தபோது இந்தப் புது எலக்ட்ரான் விதிகளைப் பற்றி அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வயசு 19. அந்தப் பயணத்தில்தான் கணக்கைப் போட ஆரம்பித்தார்.

கேள்வி இதுதான். எரிபொருள் தீர்ந்த பிறகு நட்சத்திரத்தைத் தாங்கிப் பிடிப்பது யார்? எலக்ட்ரான்கள் தாங்கும், எல்லா நட்சத்திரமும் வெண்குள்ளனாக அமைதியாக ஆறும் என்பதுதான் அன்றைய பதில். சந்திரசேகர் அதில் சார்பியலைச் சேர்த்தார். மேல் பெர்த்துக்கு ஏற ஏற எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குது. ஒளியைத் தாண்ட முடியாது. அதனால் அவற்றின் எதிர்ப்பும் எதிர்பார்த்த அளவு கூடாது. ஓர் எடைக்கு மேல் எலக்ட்ரான்கள் தோற்கும். அந்த எடை, இன்றைய கணக்கில், சூரியனைப் போல சுமார் 1.44 மடங்கு.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டம். சந்திரசேகர் தன் கணக்கைச் சொல்லி முடித்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். சூடு போதாது என்றவர்களை ஒரு காலத்தில் மடக்கிய அதே எடிங்டன். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரசேகருக்கு அப்போது 24 வயசு. தனிப்பட்ட முறையில் அவர் பக்கம் சரி என்று தெரிந்த பெரிய இயற்பியலாளர்கள்கூட வெளிப்படையாக எடிங்டனை மறுத்துப் பேச வரவில்லை. அவர் சண்டையை நீட்டவில்லை. 1937-இல் அமெரிக்கா போனார், நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றி 1939-இல் ஒரு புத்தகம் எழுதினார், அடுத்த துறைக்கு நகர்ந்தார். நோபல் கிடைத்தது 1983-இல். பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபௌலர், நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்று ஆராய்ந்தவர். எரிவது எப்படி, எரிந்த பிறகு என்ன ஆகும், ரெண்டுக்கும் ஒரே மேடையில் பரிசு.

உப்பு எங்கே சமைந்தது

இப்போ கைப்பிடி உப்புக்கு வருவோம்.

நம்ம சூரியனில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் மையம் சுருங்கி 10 கோடி டிகிரிக்கு ஏறும். அப்போ மூணு ஹீலியம் சேர்ந்து கார்பன் ஆகும். அதோட சரி. கார்பனோடு கார்பன் சேரணும்னா தள்ளல் எவ்வளவு தெரியுமா? ஒரு கருவில் ஆறு புரோட்டான், ஆறு ஆறு முப்பத்தாறு. ஹைட்ரஜனைவிட முப்பத்தாறு மடங்கு எதிர்ப்பு. அதுக்கு 60, 80 கோடி டிகிரி வேணும். சூரியனின் எடைக்கு அது எட்டாது. எலக்ட்ரான்கள் வந்து தாங்கிக்கும். வெண்குள்ளனாக ஆறிப் போகும்.

சூரியனைப் போல 25 மடங்கு எடையுள்ள ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்குவோம். ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் வருடத்திலேயே தீர்ந்துடும். ஆனால் எடை இருக்கிறதால் கார்பனும் எரியும். கார்பன் எரியும்போது விளைவதில் ஒன்று சோடியம். அது சில நூறு வருடச் சமையல். அப்புறம் ஆக்ஸிஜன் எரியும், அதில் குளோரினும் வரும். அது மாதக் கணக்கு. கடைசியில் சிலிக்கான், சுமார் 300 கோடி டிகிரியில், ஒரு நாள் கணக்கு. அதன் முடிவில் இரும்பு.

ஊர் பேரை வச்சு ஒரு வரி சொல்லாம போக மனசு வரலை. எவ்வளவு பெரிய நட்சத்திரமும் இரும்பை எரிக்க முடியாது! இரும்புக் கரு அவ்வளவு இறுக்கமானது. அதை இணைச்சா ஆற்றல் வராது, செலவுதான் ஆகும். ஆக அடுப்பு நின்னுடும். மேலே இருக்கும் அத்தனை எடையையும் இரும்பு மையத்தில் எலக்ட்ரான்கள் தாங்கணும். மையம் வளர்ந்து சந்திரசேகர் சொன்ன அந்த எல்லையை ஒட்டி வந்ததும் அவை தோற்கும். மையம் ஒரு நொடிக்குள்ள சரியும். வெளி அடுக்குகள் சூப்பர்நோவாவாகச் சிதறும். சமைச்சு வச்ச சோடியமும் குளோரினும் அப்போதான் வெளியே வரும். அந்தச் சிதறல்கள் கலந்த மேகத்திலிருந்து பிறகு சூரியன் பிறந்தது, பூமி பிறந்தது, கடல் வந்தது.

இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. எடிங்டன் விரும்பின மாதிரி எல்லை ஒன்று இல்லாமலே இருந்திருந்தால், எலக்ட்ரான்கள் எந்த எடையையும் தாங்கியிருக்கும். பெரிய நட்சத்திரங்களும் அமைதியாக ஆறியிருக்கும். சமைஞ்சதில் பெரும்பகுதி உள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கும். 1935-இல் சபை சிரித்த அந்தக் கணக்கு, உங்க ரசத்தில் உப்பு இருப்பதற்கான காரணங்களில் ஒன்று.

எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான். எரிவதற்கு நிபந்தனை எடை. ரொம்பக் குறைஞ்சால் அடுப்பு பற்றாது, குமார் சொன்னார். நடுத்தரமா இருந்தால் சூரியன் மாதிரி மெதுவா, பொறுமையா எரிந்து நேரம் கொடுக்கும். ரொம்ப அதிகமானால் சீக்கிரம் எரிந்து, சரிந்து, சரக்கை வெளியே கொட்டும், சந்திரசேகர் சொன்னார். நமக்கு ரெண்டு வகையும் வேண்டியிருந்தது. உப்பைச் சமைக்க ஓர் அவசரக்கார நட்சத்திரம், அதைக் காய வைக்க ஒரு நிதானமான நட்சத்திரம்.

வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மரக்காணத்தில் உப்பு வேலை நின்னுடும். அதுக்கு முன்னாடி ஈ.சி.ஆர் பக்கம் போனால், வெள்ளையாகக் குவிச்சு வச்சிருக்கும் அந்த உப்பைக் கொஞ்சம் நின்று பாருங்க. கொளுத்தும் வெயிலில் அதை வாரி எடுக்கிறவர்களையும் சேர்த்துப் பாருங்க.